பதினோரு மாதக் கம்பி

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டுப் பதினோரு மாதம் ஆகிறது. மேசை உடையவில்லை. அதன்மேல் கம்பித் துண்டுகள் கிடக்கின்றன. வழவழவென்று ஒன்று, வெள்ளை ப்ளாஸ்டிக் உறை போட்ட ஒன்று, சாம்பல் நிறச் செயற்கை நார்க்கயிற்றில் மூன்று பருமன்கள், கருப்பு உறை போட்ட நார்க்கயிறு ஒன்று, எங்கிருந்தோ தபாலில் வரவழைத்த முறுக்குக் கம்பி ஒன்று. ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு சீட்டு. சீட்டில் என் கணவரின் கையெழுத்து. அவர் மருந்துக் கடையில் பார்மசிஸ்ட். அதனால் எந்தக் கம்பியைப் பார்த்தாலும் சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று கேட்கத் தோன்றும்.

நாங்கள் இருவரும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சோபாவில் சாப்பிடுகிறோம். பதினோரு மாதமாகக் குழம்பு சிந்திச் சிந்தி சோபாவின் நிறமே மாறிவிட்டது.

பாய்மரப் படகில் ஏறியிராதவர்களுக்காக ஒரு வார்த்தை. படகின் தளத்தைச் சுற்றி முழங்காலுக்குச் சற்று மேலே ஒரு கம்பி ஓடும். அதற்குக் கீழே இன்னொன்று. குட்டிக் குட்டித் தூண்களின் துளைகளில் கோத்து, முன்னாலும் பின்னாலும் இழுத்துக் கட்டியிருப்பார்கள். அதற்கு லைஃப்லைன் என்று பெயர். படகு ஆடும்போது ஆள் தண்ணீருக்குள் போகாமல் தடுக்க வேண்டியது அது. போன வருடம் காற்றுக்காலத்தின் கடைசியில் எங்கள் லைஃப்லைன் அந்த ஒரே வேலையைச் செய்யவில்லை.

நான் தளத்தின் ஓரத்தில் உட்கார்ந்து, மேல்கம்பியில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, முன்பாயைச் சுருட்டிக் கட்டிக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் டக்கென்று ஒரு சத்தம். அடுத்து எனக்குத் தெரிந்தது வானம், அதற்கடுத்து தண்ணீர். முனையில் கம்பியைக் கவ்விப் பிடித்திருக்கும் குழலுக்குள்ளிருந்து கம்பி உருவிக்கொண்டு வந்துவிட்டது. பதினான்கு நிமிடம் தண்ணீரில் கிடந்தேன். விழும்போது தூணில் மோதியதில் வலது தோள் பிசகி, தசைநார் கிழிந்தது. படகில் இருந்தது என் கணவர் ஒருவர்தான். அவருக்கு நீச்சல் தெரியாது. இருந்தும் பாயை இறக்கி, எஞ்சினைப் போட்டு, படகைத் திருப்பிக்கொண்டு வந்து, கயிறு போட்டு என்னை ஏற்றினார். ஒரு தப்பும் செய்யவில்லை. அதை நான் எங்கேயும் சொல்வேன்.

ஆறு மாதத்தில் தோள் தேறியது. மருத்துவர் கையைத் தூக்கச் சொன்னார், தூக்கினேன். இனி என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்றார். ஆனால் லைஃப்லைன் இல்லாத படகைப் படகுத்துறையை விட்டு வெளியே விடமாட்டார்கள். அது விதி. கம்பி வாங்கி மாட்டினால் போகலாம். கம்பி எது என்று என் கணவர் முடிவு செய்தால் வாங்கலாம். அவர் ஆராய்ந்துகொண்டிருந்தார்.

அது என் படகு என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன். தெரியாதவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் சுவரை நோக்கிப் போகும்போது சிரித்த முகத்தோடு பிரேக் மிதிக்கிற வேலை. அப்படிச் சேர்த்த காசில் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் வாங்கிய முப்பது அடிப் படகு. அதை ஓட்டுவது நான். துடைப்பதும் பராமரிப்பதும் அவர். கல்யாணத்தில் எழுதிக்கொள்ளாத ஒப்பந்தம் அது. பராமரிப்பு அவர் துறை என்பதால் கம்பியையும் அவரிடம் விட்டேன். அதுதான் நான் செய்த மடத்தனம்.

எனக்கு ஒரு பயம் இருந்தது. விழுந்த பயம் இல்லை. இந்தக் காற்றுக்காலம் முடிவதற்குள் தண்ணீரில் இறங்காவிட்டால் அப்புறம் இறங்கவே மாட்டேன் என்கிற பயம். என்னிடம் கற்றுக்கொள்ள வருபவர்களில் பார்த்திருக்கிறேன். விபத்தில் மாட்டிய மறுவாரம் ஸ்டியரிங்கைப் பிடித்தவர்கள் இன்றைக்கும் ஓட்டுகிறார்கள். 'ஆற அமர வரேன்' என்று போனவர்கள் இன்றைக்கும் ஆறிக்கொண்டுதான் இருக்கிறார்கள். காற்று மாறி, படகுகளைக் கரையேற்ற இன்னும் ஐந்து வாரம்தான் இருந்தது.

“இன்னைக்காவது சொல்லுங்க. எது?”

அவர் நோட்டைத் திறந்தார். அது மூன்றாவது நோட்டு.

“இந்த நார்க்கயிறு கம்பியைவிட பலம். எடை பத்துல ஒரு பங்குகூட இல்ல.”

“சரி, அதையே போடுவோம்.”

“ஆனா வெயில்ல நாளாவட்டத்துல நைஞ்சு போகும். உராய்ஞ்சா பிசிறு கிளம்பும். கட்டின புதுசுல கொஞ்சம் நீளும், மறுபடி மறுபடி இறுக்கணும்.”

“அப்போ வெறும் எவர்சில்வர் கம்பி.”

“அது கையில வெட்டும். மெல்லிசா இருக்கு, பிடிக்கறதுக்குத் தோதா இல்ல.”

“அப்போ பழையபடி ப்ளாஸ்டிக் உறை போட்டது?”

அதற்கு மட்டும் அவர் பதில் சொல்லவில்லை. நோட்டை மூடிவிட்டு, “ஆழம் தெரியாம காலை விடக்கூடாதும்மா” என்றார்.

“நான் முழுசாவே விட்டாச்சு. பதினாலு நிமிஷம்,” என்றேன். அவர் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டார். அவரோடு சண்டைகூடப் போட முடியாது. கிணற்றில் கல்லைப் போட்டால் தொப்பென்று ஒரு சத்தமாவது வரும்.

நாத்தனாரிடம் போனில் புலம்பினேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். “அண்ணி, அண்ணன் சின்ன வயசுல ஒரு பென்சில் வாங்க நாலு கடை ஏறி இறங்குவான். வாங்கிட்டு வந்து, அடுத்த கடையிலயும் ஒரு தடவை பாத்திருக்கலாமோன்னு ராத்திரி பூரா தூங்கமாட்டான். உங்களை ஒரே தடவை பாத்துட்டு சரின்னு சொன்னதுதான் எங்க குடும்பத்துலயே பெரிய அதிசயம்.” அந்த அதிசயத்தை நினைத்து ஒரு நாள் சமாதானமாக இருந்தேன். ஒரு நாள்தான்.

மறுநாள் பாடம் முடிந்ததும் நேரே கம்பிக்காரரிடம் போனேன். படகுத்துறைக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட பட்டறை. படகுகளுக்கு வேண்டிய கம்பி, கயிறு எல்லாம் அளந்து, வெட்டி, முனை இறுக்கிக் கொடுப்பவர் அவர். சுவர் முழுக்கச் சுருள் சுருளாகக் கம்பி தொங்கும். நடுவில் குழலை அழுத்தி இறுக்கும் இரும்பு மிஷின். என்னைப் பார்த்ததும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார்.

“வாங்கக்கா. சாருக்கு இன்னொரு சாம்பிள் வேணுமா?”

“எத்தனை தடவை வந்திருக்காரு?”

“எண்ணுறதை விட்டுட்டேன். நல்ல மனுஷன்தான். ஆனா அவருக்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கே சந்தேகம் வந்துருச்சு, நான் இந்தத் தொழில்லதான் இருக்கேனான்னு.”

“நான் இன்னைக்கே சொல்றேன். எவ்வளவு நாள்ல கட்டித் தருவீங்க?”

“நாலு நாள். ஆனா பழைய கம்பி வேணும்க்கா. அதைத் தரையில நீட்டிப் போட்டு, அது மேல புதுசை வச்சுத்தான் அளவெடுப்பேன். டேப்புல அளந்து கட்டினா எங்கயாவது கால் இஞ்சு உதைக்கும். சார்கிட்ட வர்றப்பல்லாம் கேட்டேன். நானே டேப்புல அளந்து தரேன், டேப்புல அளந்து தரேன்னுட்டே இருந்தாரு. அப்புறம் தூக்கிப் போட்டாச்சுன்னாரு.”

என்னிடமும் தூக்கிப் போட்டாச்சு என்றுதான் சொல்லியிருந்தார். ஆனால் என் கணவர் எதையும் தூக்கிப் போடுகிறவர் இல்லை. காலாவதியான மருந்தை மட்டும் போடுவார், அதையும் ரசீது எழுதிவிட்டுத்தான் போடுவார். பத்து வருடத்துக்கு முந்தைய மிக்ஸி ஜாடியின் மூடியை இன்னும் வைத்திருக்கிற மனிதர், பதினெட்டு மீட்டர் கம்பியைத் தூக்கிப் போட்டாரா?

வீட்டுக்கு வந்து தேடினேன். கட்டிலுக்கு அடியில் பார்த்தேன், பரணில் பார்த்தேன். கடைசியில் கார் ஷெட்டில், பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால், பழைய போர்வையில் சுற்றி, சணலால் நான்கு இடத்தில் கட்டி வைத்திருந்தது. இவ்வளவு பத்திரமாக அவர் எங்கள் கல்யாண ஆல்பத்தைக்கூட வைக்கவில்லை. அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. சோம்பேறித்தனத்தில் பொய் சொல்லியிருக்கிறார் என்றுதான் பல்லைக் கடித்தேன்.

மூட்டையைக் காரில் போட்டுக்கொண்டு மறுபடி பட்டறைக்குப் போனேன். கம்பிக்காரர் போர்வையைப் பிரித்து, கம்பியைத் தரையில் நீட்டினார். வெள்ளைப் ப்ளாஸ்டிக் உறை இன்னும் பளிச்சென்று இருந்தது.

“புதுசு மாதிரி இருக்கே,” என்றார். உருவிக்கொண்டு வந்த முனையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். அப்புறம் கத்தியை எடுத்து உறையை நீளவாக்கில் கீறினார்.

உள்ளே கம்பி இல்லை என்றே சொல்லலாம். காப்பித்தூள் மாதிரி பழுப்பாக ஏதோ உதிர்ந்தது. நடுவே இரண்டு மூன்று இழைகள் மட்டும் மினுங்கின. ஒரு சாண் தள்ளி இன்னொரு இடத்தில் கீறினார். அங்கே நன்றாகத்தான் இருந்தது. முனைக்குப் பக்கத்தில்தான் அழுகியிருந்தது.

“எவர்சில்வர்தானே இது?” என்றேன்.

“எவர்சில்வருக்கும் காத்துப் படணும்க்கா. சட்டையைப் போட்டு மூடி, உள்ள உப்புத்தண்ணிய அடைச்சு வச்சா இதுவும் துருப்பிடிக்கும். ஆனா திடீர்னு அறாது. முன்னாடியே சொல்லும். முனைக்குப் பக்கத்துல பழுப்பா கசியும். வெள்ளை உறை, தூக்கலாத் தெரியும். இது ஒரு வருஷம், ஒன்றரை வருஷமாவது கசிஞ்சிருக்கணுமே. நீங்க யாரும் பாக்கலையா?”

பார்த்தோம். இருவருமே பார்த்தோம். ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர் முட்டி போட்டு உட்கார்ந்து, பிரஷ்ஷும் பாலிஷுமாக அந்த முனைகளைத் தேய்ப்பார். 'எங்கிருந்துதான் இந்தக் கறை வருதோ' என்று முனகிக்கொண்டே தேய்ப்பார். அடுத்த ஞாயிறு கறை மறுபடி வந்திருக்கும், மறுபடி தேய்ப்பார். பக்கத்துப் படகுக்காரர்கள், இது படகா ஆஸ்பத்திரியா என்று கிண்டல் செய்வார்கள். நான் தலையைத் தூக்கிக்கொண்டு, 'எங்க வீட்டுக்காரர் மாதிரி துடைக்க உங்க யாருக்காவது வருமா?' என்பேன். பெருமையாகச் சொல்வேன். கம்பி வாய்விட்டுச் சொன்னதை வாரம் தவறாமல் துடைத்தோம்.

கம்பிக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. “இந்த முனையை மட்டும் வெட்டிக் கொடுங்க,” என்றேன்.

மருந்துக் கடையில் மாலைக் கூட்டம். நான் வரிசையில் நின்றேன், எனக்கு முன்னால் நான்கு பேர். ஒருவர் இருமிக்கொண்டே மூன்று சிரப்பைக் காட்டி எது நல்லது என்றார். என் கணவர் நிமிர்ந்து பார்த்தார். “சளியா, வறட்டு இருமலா? வறட்டா? இது. மூணு வேளை, அஞ்சு நாள்,” என்று நடு பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். முழுசாக ஏழு விநாடி ஆகியிருக்காது. அடுத்த அம்மாவுக்குக் கண்ணுக்குச் சொட்டு மருந்து, அதற்கு அடுத்தவருக்கு முழங்கால் களிம்பு. ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் ஏழு விநாடி, எனக்குப் பதினோரு மாதம்.

“அடுத்தது,” என்று நிமிர்ந்தவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் கையிலிருந்த முனையைக் கவுன்டரில் வைத்தேன். கீறிய உறைக்குள்ளிருந்து பழுப்புத் தூள் கண்ணாடிமேல் சிந்தியது.

அவர் சிரிப்பு நின்றது. அதைப் பார்த்த விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. முதல் தடவை பார்ப்பவர் அப்படிப் பார்க்கமாட்டார்.

கூட வேலை செய்யும் அம்மாவிடம் கவுன்டரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, என்னைப் பின்னால் மருந்துப் பெட்டிகள் அடுக்கிய அறைக்குக் கூட்டிப்போனார். இரண்டு பேர் நின்றால் தோள் இடிக்கும் அறை.

“எப்போ தெரியும்?” என்றேன்.

அவர் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“உங்களைத்தான் கேக்கறேன். எப்போ தெரியும்?”

“நீ ஆஸ்பத்திரியில இருந்த ரெண்டாவது நாள். படகைப் பூட்டப் போனேன். முனை தொங்கிட்டிருந்துது. கையில எடுத்தேன். உள்ளேர்ந்து பழுப்பாத் தண்ணி சொட்டுச்சு. அப்பத்தான்... அந்தக் கறை எங்கேர்ந்து வந்துதுன்னு... எவர்சில்வர் துருப்பிடிக்காதுன்னு நினைச்சேம்மா. அழுக்குன்னு நினைச்சேன். ஒன்றரை வருஷமா நானே என் கையால துடைச்சு துடைச்சு...”

“நிறுத்துங்க. துடைச்சது தெரியாமப் பண்ணது. நானுந்தான் பாத்தேன். நானுந்தான் அது மேல முதுகைப் போட்டு உக்காந்தேன். படகு ஓட்டறவ நான், ஒரு நாள் குனிஞ்சு பாத்திருக்கணும். அதுக்கு உங்களை ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். ஆனா இந்தப் பதினோரு மாசம்? இது தெரிஞ்சு பண்ணது.”

“எப்படிச் சொல்றதுன்னு தெரியல.”

“வாயைத் திறந்து சொல்றது! மூணு நோட்டு எழுதத் தெரிஞ்சுதுல்ல?”

“சொல்லியிருந்தா கம்பியை மாத்திட்டு போயிருப்பே.”

“போகத்தானே படகு வாங்கினேன்!”

“நான் பாத்துக்கற படகுல. மறுபடியும் ஏதோ ஒண்ணு சொல்லும், நான் மறுபடியும் துடைச்சுட்டு உக்காந்திருப்பேன். எந்தக் கம்பியை எடுத்தாலும், இதுல நான் எதைத் துடைப்பேன்னுதான் தோணுது. அதான் அடுத்ததைப் பாக்கலாம், அடுத்ததைப் பாக்கலாம்னு...”

எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. பாவமாக இருந்ததில் கோபம் இன்னும் ஏறியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர், அந்தச் சோற்றையும் தனியாகவே தின்று தீர்த்திருக்கிறார். நான் பக்கத்தில் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

“உங்க பயத்துக்கு என்னை வீட்டுல கட்டிப் போட்டீங்க,” என்றேன். “எனக்கு ஒவ்வொரு மாசமும் தைரியம் கொஞ்சம் கொஞ்சமா வடிஞ்சிட்டிருக்கு. அது உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாது,” என்றார். “நீ சொல்லலையே.”

வெளியே கதவைத் தட்டி, சார், காய்ச்சல் மருந்துக்கு அளவு கேக்கறாங்க என்றார் அந்த அம்மா. அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனார். நான் பின்வாசல் வழியாக வெளியேறினேன்.

பட்டறை பூட்டும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். “வெறும் எவர்சில்வர்,” என்றேன். “உறை கிறை ஒண்ணும் வேணாம். பத்தொன்பது இழைக் கம்பி.”

“கையில உறுத்தும்க்கா.”

“உறுத்தட்டும். ஒரு இழை அறுந்தா கண்ணுக்குத் தெரியுமில்ல?”

“தெரியறதா? தடவினா துணியைக் கிழிச்சிரும். முனைகிட்ட துரு வச்சா மறைக்க இடமே கிடையாது.” அவர் சுவரிலிருந்து சுருளை இறக்கினார். “நார்க்கயிறும் நல்லதுதான். ஆனா உங்க தூண் துளையெல்லாம் பழைய கம்பி உராய்ஞ்சு பிசிறு பிசிறா இருக்கும். ஒண்ணொண்ணா வழவழன்னு தேய்க்கணும். இல்லேன்னா கயிறை அறுத்துரும். மிச்சமிருக்கிற நாள்ல அது ஆகாது.”

ஏழு விநாடி எனக்கும் ஆகவில்லை.

அன்றிரவு அவர் மேசையிலிருந்த துண்டுகளையெல்லாம் பெட்டியில் போட்டு மூடினார். மேசை காலியானது. நான் வீம்புக்குத் தட்டை எடுத்துக்கொண்டு சோபாவிலேயே உட்கார்ந்தேன். அவர் மேசையில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார். மூன்று நாள் இப்படியே போனது.

வியாழக்கிழமை மதியம் கம்பிக்காரர் வந்து மாட்டினார். தூண் தூணாகக் கோத்து, பின்முனையில் திருகை முறுக்கி, விரலால் தட்டிப் பார்த்து, மறுபடி அரைச் சுற்று முறுக்கினார். என் கணவர் துறைப் பலகைமேல் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் கூப்பிடவில்லை, அவராக வந்திருந்தார்.

“முடிஞ்சுதுக்கா,” என்றார் கம்பிக்காரர். “இனி நீங்க சாயணும்.”

“நீங்களே ஒரு தடவை சாய்ஞ்சு பாத்துருங்களேன்.”

“அது எங்க வழக்கமில்ல. கட்டினவன் சாய்ஞ்சா வித்தை காட்டற மாதிரி. ஓட்டறவங்க சாய்ஞ்சாத்தான் கம்பிக்கும் ஆளுக்கும் ஒத்துப்போச்சான்னு தெரியும். ஓரத்துல உக்காந்து, மேல்கம்பில முதுகைக் கொடுத்து, காலைத் தூக்கிருங்க. முழு எடையும் போகணும். நான் பக்கத்துப் படகுல இருக்கேன், ஆனதும் சொல்லுங்க, வந்து சீட்டுல கையெழுத்துப் போடறேன்.” அந்தச் சீட்டைக் காட்டினால்தான் துறையிலிருந்து வெளியே விடுவார்கள். அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

தளத்தின் ஓரத்தில் உட்கார்ந்தேன். ஒரு கை கேபின் கூரையின் கைப்பிடியில் இருந்தது. முதுகு கம்பியைத் தொட்டது. மெல்லியதாக, குளிர்ச்சியாக, சட்டைக்கு மேலேயே உறுத்தியது. சரி, இப்போது கையை விடு, காலைத் தூக்கு என்று எனக்கு நானே சொன்னேன். கை விடவில்லை.

இன்னொரு தடவை சொன்னேன். புதிதாக ஓட்ட வருபவர்கள் ஒரு காலால் பிரேக்கை மிதித்துக்கொண்டே மறுகாலால் ஆக்சிலரேட்டரை அழுத்துவார்கள். வண்டி அலறும், நகராது. அப்படித்தான் இருந்தேன். படகு கட்டியிருந்தது, தண்ணீர் அசையவே இல்லை. பின்னால் ஆழம் இரண்டு ஆள்தான் இருக்கும். எனக்கு நீச்சல் தெரியும். இதெல்லாம் மண்டைக்குத் தெரிந்தது. விரல்களுக்கு யாரும் சொல்லவில்லை. என்மேலேயே எனக்கு வந்த எரிச்சலில் அழுகை முட்டியது. அவர் தலையில் கட்டி வைத்திருந்த பதினோரு மாதத்தில் என் பங்கு எவ்வளவு என்று அப்போதுதான் உறைத்தது. நானே வந்து முதல் வாரத்திலேயே கம்பி சொல்லியிருக்கலாம். பட்டறை எங்கே என்று எனக்குத் தெரியாதா? பராமரிப்பு அவர் துறை என்று ஒதுங்கிக்கொண்டு, தினமும் அவரைத் திட்டிக்கொண்டு, நானும் சௌகரியமாகக் கரையிலேயே இருந்திருக்கிறேன்.

“அந்த நார்க்கயிறு,” என்று என் குரல் கேட்டது. “நடு பருமன்... அது எத்தனை டன் தாங்கும்னு சொன்னீங்க?”

கேட்டதும் எனக்கே தூக்கிவாரிப் போட்டது. அவருக்கு அந்தக் கணக்கு தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். சொல்லியிருந்தால் நான் அடுத்ததைக் கேட்டிருப்பேன். அதற்கடுத்ததையும் கேட்டிருப்பேன். காற்றுக்காலம் முடிந்திருக்கும்.

அவர் சொல்லவில்லை. செருப்பைக் கழற்றிப் பலகைமேல் வைத்துவிட்டுப் படகில் ஏறினார். துடைக்க வரும்போதுகூட உயிர்காப்பு ஜாக்கெட் போட்டு, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வருகிறவர். இன்றைக்கு வெறும் சட்டையோடு இருந்தார்.

“ஜாக்கெட் எங்கே?” என்று கத்தினேன்.

“கார்ல இருக்கு.”

“நீச்சல் தெரியாத மனுஷன் என்ன கூத்து இது! இறங்குங்க.”

என் பக்கத்தில் உட்கார்ந்தார். முதுகைக் கம்பியில் கொடுத்தார். கண்களை இறுக்கி மூடிக்கொண்டு, இரண்டு கைகளையும் மார்பில் கட்டிக்கொண்டு, கால்களைத் தூக்கினார். கம்பி ஒரு விரற்கடை பின்னால் போய் நின்றது. தூண் லேசாக முனகியது. அவர் தலையும் தோளும் தண்ணீருக்கு மேலே போய்விட்டன. உதடு வெளுத்திருந்தது. கழுத்து நரம்பு துடிப்பது எனக்குத் தெரிந்தது. கால்களை இறக்கவில்லை.

“எண்பத்திரெண்டு கிலோ,” என்றார் கண்ணைத் திறக்காமலேயே. “தாங்குது. உனக்கு அறுபத்திரெண்டுதானே.”

கோபம் போய்விடவில்லை. அது போக இன்னும் நாளாகும் என்று அவருக்கும் தெரியும். ஆனால் அந்த மனிதர் தண்ணீருக்கு மேலே கண்ணை மூடிக்கொண்டு தொங்கும்போது என்னால் பொய் சொல்ல முடியவில்லை.

“அறுபத்தெட்டு,” என்றேன்.

ஒரு கண்ணை மட்டும் திறந்தார். “எப்பலேர்ந்து?”

“வீட்டுலயே உக்கார வச்சா ஏறாம என்ன பண்ணும்?”

அவர் வாயைத் திறந்தார். ஏதாவது கணக்குச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். “அப்பவும் என்னைவிடக் கம்மிதான்,” என்றார். “வா.”

கைப்பிடியை விட்டேன்.